பூட்டின காம்பராவைத் தட்டிய ஆள்

ஹட்டன் கடைவீதியில் தன் இன்டர்நெட் முகவரியைப் பெயர்ப்பலகையில் பெயின்ட் அடித்து எழுதிவைத்த கடை எங்கள் முதலாளியுடையது ஒன்றுதான். உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று இன்றும் பந்தயம் கட்டுவேன். நான்கு எண், நடுவே மூன்று புள்ளி. வெறும் புள்ளி எடுப்பாக இருக்காது என்று பலகை எழுதியவர் மூன்றையும் சிவப்பில் பொட்டு மாதிரி வைத்துவிட்டுப் போனார். இதையெல்லாம் வெளியே எழுதக்கூடாது என்று நான் கத்தினேன். முதலாளி பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னார்: "நம்பர்னு ஒன்னு இருந்தா எழுதித்தான் வைக்கணும் புள்ள. யாருக்கும் தெரியாத நம்பர வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. கடையின் முன்பக்கம் பலசரக்கு: அரிசி மூட்டை, பருப்பு, கருவாடு. பின்பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை. அதற்கு 'கம்யூனிகேஷன்' என்று பெயர். இரண்டு போன் பெட்டி, ஒரு போட்டோகொப்பி மெஷின், சில கம்பியூட்டர்கள், அவற்றோடு நான். கண்டியில் கம்பியூட்டர் படித்துவிட்டுத் தலவாக்கலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். கருவாட்டு வாசத்தில் உட்கார்ந்து கம்பியூட்டர் பார்க்கிறவளுக்கு வேறு எங்கே வரும் கோபம்?

பலகை விஷயத்தில் முதலாளி சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அப்போது தேயிலைத் தோட்டங்களில் போன் என்றால் ஆபீஸில் ஒன்று, துரை பங்களாவில் ஒன்று. லயம் என்கிற வரிசை வீடுகளில் இருப்பவர்கள், கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகளுக்கும் அரபு நாட்டுக்குப் போன பெண்களுக்கும் எங்கள் கடை நம்பரைத்தான் கொடுத்தனுப்புவார்கள். றொசல்லப் பக்கத்துத் தோட்டங்களில் பாதிப் பேருக்கு அதுதான் வீட்டு நம்பர். கோல் வரும். "கடைங்களா?" என்று கேட்பார்கள். ஆளைக் கூட்டிவந்து பேசுவதெல்லாம் ஆகிற காரியமில்லை என்பதால், சொல்ல வேண்டியதைக் கடையிடமே சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். முதலாளி அதை அந்தப் பக்கம் போகிற பஸ் கண்டக்டர் காதில் போடுவார். கண்டக்டர் லயத்து முடக்கில் பஸ்ஸை மெதுவாக்கச் சொல்லி, மிதிபலகையில் தொங்கியபடி கத்துவார். மருமகளுக்குப் பிள்ளை பிறந்தது, தம்பிக்கு வேலை கிடைத்தது, தீபாவளிக்கு வருகிறான், எல்லாம் இப்படித்தான் போய்ச் சேரும். சாவுச் செய்தி மட்டும் அப்படிப் போகாது. அதைக் கத்த எந்தக் கண்டக்டருக்கும் மனம் வராது. "கடைக்கு வரச் சொன்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

பிறகு வேகமான இன்டர்நெட் லைன் வந்தது. மாறாத முகவரி ஒன்றும் அதோடு கிடைத்தது. ஒரு கம்பியூட்டருக்கு அந்த முகவரியைக் கொடுத்து, மைக்கும் ஸ்பீக்கரும் மாட்டி, நேரடியாகப் பேசும் புரோகிராம் ஒன்றைப் போட்டேன். வெளிநாட்டிலிருந்து யாராவது அதே புரோகிராமில் எங்கள் நான்கு எண்ணை அடித்தால் இங்கே மணி அடிக்கும். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. பலகையில் எழுதினார், கடைக் கார்டில் போன் நம்பருக்குக் கீழே அச்சடித்தார், வெளிநாடு போகிற பெண்களையெல்லாம் கூப்பிட்டு அந்தக் கார்டைக் கையில் திணித்தார். பழக்கிவிட வேண்டியது என் வேலை.

அப்படிப் பழக வந்தவர்களில் றொசல்லப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகவிருந்தாள். ஒற்றை விரலால் எண்ணை அடிப்பாள். அடித்துவிட்டுச் சாமி கும்பிடுவாள். அவளை ஒரு கம்பியூட்டரிலும் என்னைப் பக்கத்துக் கம்பியூட்டரிலும் உட்காரவைத்துப் பேசச் சொன்னபோது, மைக்கில் வாயை வைத்து, அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு, "கடைங்களா?" என்று கத்தினாள்.

"பக்கத்துலதானே இருக்கேன். எதுக்கு இந்தக் கத்து? நீ குவைத்துக்குப் போனா கம்பியூட்டரே தேவையில்ல, சும்மா கத்துனாலே இங்க கேக்கும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மறுபடியும் "கடைங்களா?" என்றுதான் தொடங்கினாள். அதை மாற்ற என்னால் முடியவில்லை.

அவள் போய், இரண்டொரு தடவை பேசியும் விட்டாள். அதன் பிறகுதான் சேர்வர் வந்தது. நல்லதண்ணியில் யாத்திரைக்காரர்கள் மலையேறும் சீசனில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் சிலருக்கு இன்டர்நெட் பக்கமும் மெயிலும் நடத்தித் தருவதாக முதலாளி ஒத்துக்கொண்டிருந்தார். பழைய மெஷின் ஒன்றை வாங்கி, நானே சேர்வராக்கி, அந்த மாறாத முகவரியை அதற்குக் கொடுத்தேன். பேசுகிற வேலை, பெயர் கொடுத்து நுழையும் புதிய புரோகிராமுக்கு மாறியது. வந்தவர்களுக்கெல்லாம் புதிய முறையைச் சொல்லிக்கொடுத்தோம். ஏற்கெனவே போனவர்கள் போனில் பேசினால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம். முதலாளி சேர்வருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் கல்லாப்பெட்டிக்குக் காட்டிய சாம்பிராணியை அதற்கும் காட்டினார். புகை ஆகாது என்று எத்தனை முறை சொன்னாலும், "கொஞ்சூண்டுதானே" என்பார்.

அந்தப் பெண்ணின் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனுக்கு வருவார். சாமான் வாங்கிவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பார். உள்ளே வாருங்கள் என்றால் வரமாட்டார், செருப்பில் சேறு என்பார். "மிஸ், எம்புள்ள பேசுச்சுங்களா?" என்று கேட்பார். முதலில் சிரித்துக்கொண்டே கேட்டவர், தீபாவளி போய்ப் பொங்கலும் போன பிறகு சிரிக்காமல் கேட்டார். கோல் இல்லை, கடிதமும் இல்லை. அனுப்பிய ஏஜென்சிக்காரரோ, ஒன்றும் செய்தி இல்லை என்றால் நன்றாக இருக்கிறாள் என்றுதான் அர்த்தம் என்று சொல்லியனுப்பிவிட்டார். அரபு நாட்டுக்குப் போன பெண்கள் சவப்பெட்டியில் திரும்பி வந்த கதைகள் எல்லா லயத்திலும் உண்டு. அந்த அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். தன் ஒற்றை அறை வீடான காம்பராவுக்குப் பின்னால் போட்ட பாத்தியிலிருந்து ஒரு முட்டைக்கோவாவையோ கொஞ்சம் கீரையையோ என் மேசையில் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். அதனாலேயே ஞாயிற்றுக்கிழமை வந்தால் பயமாக இருக்கும்.

இதற்கிடையில்தான் சேர்வரை யாரோ தட்டுவது என் கண்ணில் பட்டது.

திறந்து வைக்காத கதவை வெளியிலிருந்து யார் தட்டினாலும் திரையில் ஒரு வரி காட்டும்படி காவல் புரோகிராம் ஒன்றைப் போட்டிருந்தேன். வரிகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். உலகத்தில் உள்ள கெட்டுப்போன கம்பியூட்டரெல்லாம் கண்டதையும் தட்டிப் பார்க்கும், அது வழக்கம். ஆனால் இது வேறு மாதிரி. எப்போதும் 1720 என்ற ஒரே கதவு எண். வெள்ளிக்கிழமை மட்டும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. தட்டும், பதில் இல்லை என்றால் கொஞ்சம் நிற்கும், மறுபடி தட்டும். பிறகு ஓய்ந்துவிடும். அடுத்த வெள்ளி மீண்டும் வரும். தேடிப் பார்த்தால் குவைத் என்று காட்டியது.

முதலாளிக்கு விளங்கவைக்க நான் லயத்தைத்தான் துணைக்கு அழைத்தேன். "நம்ம முகவரி ஒரு லயம் மாதிரி முதலாளி. ஒரே கூரை, ஆனா காம்பராவுக்குக் காம்பரா வேற கதவு, வேற நம்பர். இன்டர்நெட் பக்கம் ஒரு காம்பராவுல இருக்கு, மெயில் ஒரு காம்பராவுல. மிச்சத்தையெல்லாம் பூட்டி வச்சிருக்கேன். ஆளே இல்லாத ஒரு காம்பராவ வாராவாரம் யாரோ வந்து தட்டுறாங்க."

நான் விளக்கியது அவருக்கு அளவுக்கு மேல் விளங்கிவிட்டது. முகம் வெளிறிப்போனது. காலம் அப்படி, தமிழர் என்றாலே சந்தேகம். அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டால் பஸ்ஸிலிருந்து இறக்கி நிறுத்துகிற காலம். வெளிநாட்டிலிருந்து யாரோ கடைக்குள் நுழையப் பார்க்கிறார்கள் என்றால் பொலிஸ் யாரைக் கேட்கும்? அவரைத்தான். அன்றைக்கே டெலிபோன் ஆபீஸுக்குப் போய், அதிகாரிகளை 'மாத்தயா' என்று அழைத்து, சிங்களத்தில் கெஞ்சிக் கூத்தாடி, முகவரியை மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை மாற்றித் தருவதாகச் சொன்னார்களாம். பலகையை அழிக்க ஆளும் பேசிவிட்டார். எனக்கு அது சரியென்றே பட்டது. தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

மாஸ்டர்தான் அப்படி நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து டவுன் பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தவர் அவர். கனடாவில் இருக்கும் அக்காவின் மெயில் பார்க்க அடிக்கடி வருவார், வந்தால் எங்கள் சண்டையில் தலையிடாமல் போகமாட்டார்.

"பிள்ளை, கள்ளன் எண்டால் என்ன செய்வான்? எல்லாக் கதவையும் தள்ளிப் பாப்பான். எது திறக்குதோ அதுக்குள்ள பூருவான். இந்த ஆள் ஒரு கதவை மட்டும் தட்டிப்போட்டு நிக்குது. திறக்கேல்லை எண்டால் பேசாமல் போயிட்டு அடுத்த கிழமை வருது. உது கள்ளன்ர குணமே? ஆரோ தெரிஞ்ச ஆள். வீடு மாறினது தெரியாமல் வந்து நிக்குது."

"தெரிஞ்ச ஆள்னா போன் பண்ண மாட்டாங்களா மாஸ்டர்?" என்று எரிந்து விழுந்தேன். அவர் அக்காவின் மெயிலைப் படிக்கத் தொடங்கினார். அவர் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்பதுதான் என் எரிச்சல்.

அந்த ஞாயிறும் அம்மா வந்தார். வழக்கமான கேள்வி, வழக்கமான பதில். போகத் திரும்பியவர், என்ன தோன்றியதோ, நின்று பேசினார்.

"மத்த நாள்லகூட பரவாயில்லைங்க மிஸ். காலையில பெரட்டுக்குப் போயி பேர் குடுத்தமா, கொழுந்தெடுத்தமான்னு போயிருது. வெள்ளிக்கிழமதான் நெஞ்சு அடைச்சுக்கிட்டு வருது. அன்னிக்குத்தான் வீட்டாளுங்க எல்லாம் பள்ளிவாசலுக்குப் போயிட்டு, அப்புடியே சொந்தக்காரங்க வீட்டுக்கும் போயிருவாங்களாம். இவ மட்டும் தனியா இருப்பாளாம். போன புதுசுல பேசுறப்ப சொன்னா."

அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். கதவைத் தட்டுவதும் வெள்ளிக்கிழமைதான். பிறகு, எந்த எண் எந்த வேலைக்கு என்று இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தேன். 1720, மணி அடிக்கிற கதவு. கம்பியூட்டரிலிருந்து கம்பியூட்டருக்குப் பேசுகிறவர்கள் முதலில் தட்டுவது அதைத்தான். அந்தப் பழைய புரோகிராம் அதைத் தானாகவே திறந்து வைத்துக்கொண்டதால் எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு வந்ததே இல்லை. குவைத்தில் கடைக் கார்டை வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் நான்கு எண்ணை அடிக்கிறவள் வேறு யாராக இருக்க முடியும்?

வேறு யாராகவும் இருக்கலாம். அதுதான் சங்கடம். கார்டு வாங்கிப் போனவர்கள் பலர். நாளைக்கே முகவரி மாறிவிட்டால் அந்த ஆள் யார் என்பதே தெரியாமல் போய்விடும். முதலாளி விஷயத்தைக் கேட்டுவிட்டு, மறுநாள் விடிந்ததும் டெலிபோன் ஆபீஸ் வாசலில் போய் நின்று, ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த பிரச்சினை, அந்த அம்மாவை வரச் சொல்வதா வேண்டாமா என்பது. வந்து உட்கார்ந்து, மணி அடிக்கவில்லை என்றால்? அடித்து, வேறு யாரோ பேசினால்? நான் வேண்டாம் என்றேன். "அது எப்புடி புள்ள? பெத்தவ இல்லாம நாம பேசி என்னத்துக்கு?" என்றார் முதலாளி. காரணத்தை விளக்கி ஆசை காட்டாமல், வெள்ளிக்கிழமை மத்தியானம் வரும்படி மட்டும் சொல்லியனுப்புவது என்று முடிவானது. முதலாளி கண்டக்டர் காதில் போட்டார்.

கண்டக்டர் என்ன சொல்லியிருப்பார் என்று நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. இத்தனை வருடம் அதே கடையில் இருந்துகொண்டு யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் றொசல்லப் பக்கத்து பஸ் வந்து நின்றபோது பாதி லயம் அதிலிருந்து இறங்கியது. யாரும் அன்று பெரட்டுக்குப் போகவில்லை. தோட்டத்தில் வேலை வாங்குகிற கண்டாக்கையாவே போகச் சொல்லிவிட்டாராம். நடுவில் அந்த அம்மா. இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்திருந்தார்கள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. செருப்பே இல்லை. எப்போதும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறவர் நேராக உள்ளே வந்தார்.

"எம்புள்ள போயிருச்சா மிஸ்? பெட்டி எப்ப வருது, அத மட்டும் சொல்லுங்க."

கோபம் எனக்குத் தலைக்கு ஏறியது. கண்டக்டர் மேல், முதலாளி மேல், என் மேல். முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, அப்புடி இல்லைங்க. அப்புடி எதுவும் இல்லைங்க" என்று நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னேன். உட்காரவைத்து, சூடாகத் தேத்தண்ணி கொடுத்து, இருக்கிற உண்மையை இருக்கிறபடி சொன்னேன். "வெள்ளிக்கிழமையில யாரோ நம்ம கதவத் தட்டுறாங்க. குவைத்துல இருந்து. ஒங்க புள்ளயா இருக்கலாம். இல்லாமலும் போகலாம். எனக்குத் தெரியாதுங்க. இன்னிக்குத் தட்டுனா தொறப்போம்."

அவர் அதைக் கேட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேர்வரைக் காலையிலேயே நிறுத்தி, அதன் முகவரியைப் பழைய கம்பியூட்டருக்குக் கொடுத்து, மைக்கும் ஸ்பீக்கரும் மாட்டி, அந்தப் பழைய புரோகிராமை ஓடவிட்டிருந்தேன். நல்லதண்ணிக்காரர்கள் ஒரு நாள் மெயில் இல்லாமல் இருக்கட்டும். பாடசாலை விட்டதும் மாஸ்டர் குடையை மடக்கிக்கொண்டு வந்து சுவரோரம் நின்றார். முதலாளி மாலைச் சாம்பிராணியை மத்தியானமே போட்டுவிட்டார். அன்றைக்கு மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. லயத்து ஆட்கள் கண்ணாடிக்கு வெளியே நெருக்கியடித்து நின்றார்கள். கடையில் ஒருவரும் சாமான் கேட்கவில்லை.

"இந்தப் புள்ளையா இல்லாட்டியும் பரவாயில்ல. திங்கக்கிழம போயி அந்த அப்ளிகேஷன திருப்பி வாங்கிருறேன். யாரா இருந்தாலும் தட்டட்டும்" என்றார் முதலாளி, யாரும் கேட்காமலே.

மணி அடித்தது.

பட்டனை அழுத்தினேன். முதலில் கரகரவென்று சத்தம். பிறகு ஒரு குரல், அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

"கடைங்களா?"

அந்த அம்மாவின் கை என் தோளைப் பற்றியது. முதலாளிதான் குனிந்து, "கடைதாம்மா, கடைதான், சொல்லு" என்றார்.

"ஐயோ, எடுத்துட்டீங்களா! எத்தன வெள்ளிக்கிழம அடிச்சேன், மணியே போகல. முதலாளி, நாந்தாங்க, மிஸ்கிட்ட பழகிட்டு வந்த புள்ள. இங்க போனப் பூட்டி வச்சிருக்காங்க. லெட்டர் குடுத்துவிட்டேன், போட்டாங்களோ என்னவோ. வீட்டுச் சின்னப் பையன் கம்பியூட்டர்ல ஒளிஞ்சு அடிக்கிறேன், டக்குன்னு வச்சிருவேன். எங்கம்மா ஞாயித்துக்கிழம டவுனுக்கு வரும். நான் நல்லா இருக்கேன்னு சொல்லிருங்க. ஒரு நோவும் இல்லன்னு சொல்லுங்க. வருசம் முடிஞ்சதும் வந்துருவேன்னு சொல்லுங்க. மழையில தலைய நனைச்சுக்கிட்டு கொழுந்தெடுக்க மலைக்குப் போக வேணாம்னு சொல்லுங்க. அழ வேணாம்னு சொல்லுங்க. சொல்லிருவீங்களா முதலாளி?"

முதலாளி மைக்கை விட்டு விலகினார். அந்த அம்மா என் தோளை விட்டுவிட்டு மைக்கின் பக்கம் குனிந்தார்.

"சொல்லிட்டாங்க தாயி" என்றார். "சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்து திரையைப் பார்த்தேன். லைன் இருந்தது.